மூன்று வாரத்துக்கு ஒரு கோணல் கடிதம்

ஜூன் 4, செவ்வாய்

அன்புள்ள அண்ணனுக்கு,

வாலு எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவின் முதுகுவலி, அண்ணியின் தும்மல், உன் கோபம், இந்த மூன்றும் எந்த அளவில் இருக்கின்றன என்று பதில் போடவும்.

சொன்ன வார்த்தை தவறவில்லை. இந்த ஊரில் என் முதல் ஊசியை இன்று காலை போட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இங்கேயும் அதே சட்டம்தான். ஊசி ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க அரை மணி நேரம் அசையக் கூடாதாம். பதின்மூன்று வயதில் முதல் ஊசியன்று நான் ஊரைக் கூட்டி அழுதேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ ஒரு தாளைக் கையில் திணித்து, "நர்ஸைத் திட்டி அம்மாவுக்கு ஒரு லெட்டர் எழுது, நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்" என்றாய். அன்று ஆரம்பித்த ஊசிக் கடிதம் எட்டு வருஷம் ஆகியும் நிற்கவில்லை. இப்போது உனக்கே எழுதுகிறேன், தபால்தலை ஒட்டி.

இந்த நர்ஸ் அக்கா சிரிக்கவே மாட்டார். ஆனால் மருந்து பாட்டிலை உள்ளங்கைகளுக்கு நடுவே ஐந்து நிமிஷம் உருட்டுகிறார். "சில்லுனு போட்டா ரொம்ப வலிக்கும். பேசாம இரு" என்றார். மெதுவாகத்தான் ஏற்றினார். டாக்டர் நம் பழைய நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். "மூட்டுக் காய்ச்சல் வந்தப்ப இதயத்துல ஒரு வால்வு லேசா கசிய ஆரம்பிச்சிருக்கு. காய்ச்சல் திரும்ப வந்தா கசிவு கூடும். வராம இருக்கத்தான் இந்த ஊசி. மூணு வாரத்துக்கு ஒண்ணு, இன்னும் ரெண்டு வருஷத்துக்காவது விடக் கூடாது" என்றார். எனக்குத் தெரியாததா என்று தலையாட்டிக்கொண்டேன்.

வேலை பிடித்திருக்கிறது. தொழிற்சாலைக் காப்பகத்தில் மொத்தம் பதினான்கு குழந்தைகள். ஒவ்வொன்றும் என்னைவிடப் பெரிய வாலு. நாற்காலிகள் முழங்கால் உயரம்தான், உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். விடுதி போன் வார்டன் அறையில் இருக்கிறது, பேசினால் பத்துக் காது கேட்கும். அதனால் கடிதமே போதும்.

நர்ஸ் அக்கா கடிகாரத்தைப் பார்க்கிறார். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

உன் தங்கை,
வாலு


ஜூன் 12

அன்புள்ள வாலுக்கு,

அண்ணன் ஆசியுடன் எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். அம்மாவின் முதுகுவலி நீ போன அன்று கூடி, உன் கடிதம் வந்த அன்று குறைந்துவிட்டது. அண்ணிக்குத் தும்மல் இல்லை, தூக்கம்தான் இல்லை. நீ படுத்திருந்த இரும்புக் கட்டிலை எங்கள் அறைக்குக் கொண்டுவந்ததுதான் தப்பு. புரண்டு படுத்தால் கலகலவென்று சத்தம் போடுகிறது. ஒவ்வொரு திருகாணியையும் இறுக்கிவிட்டேன், கட்டில் கேட்கவில்லை.

உன் கடிதத்தைப் பிரித்ததுமே, ஊசி வலப்பக்கம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வலப்பக்கம் போட்டால் நீ இடப்பக்கம் சாய்வாய், வரிகள் மலையேறும். இடப்பக்கம் போட்டால் வரிகள் கிணற்றில் இறங்கும். ஆரம்பத்தில் கோணல் அதிகமாக இருக்கும். வலி அடங்க அடங்கச் சரியாகி, கையெழுத்துப் போடும்போது தரையில் நிற்பாய். தபால் பிரிக்கும் அறையில் பன்னிரண்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவனுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி? நேற்று ஒரு கவரில் முகவரி இருந்த இடத்தில் கோழி நடந்து போனது போல நாலு கீறல். எந்தத் தட்டில் போடுவது என்று எல்லோரும் கைவிட்ட பிறகு என்னிடம் வந்தது. ஒரு பல் டாக்டருக்குப் போய்ச் சேர்ந்தது.

நாள்காட்டியில் உன் செவ்வாய்க்கிழமைகளைச் சிவப்பில் வட்டம் போட்டுவிட்டேன். ஜூன் 25, ஜூலை 16, ஆகஸ்ட் 6. அண்ணி அதைப் பார்த்துவிட்டு, "என் பிறந்தநாளுக்கு ஒரு புள்ளிகூட இல்ல" என்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. குழந்தைகளுக்குச் சளி, தொண்டைவலி என்றால் கொஞ்சம் தள்ளியே இரு.

அன்புடன்,
அண்ணன்


ஜூன் 25, செவ்வாய்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். அம்மாவின் முதுகுக்கு ஒத்தடம் கொடுக்கிறீர்களா? அண்ணிக்குப் பிறந்தநாள் வாழ்த்து, நாலு நாள் தாமதமாக.

ஊசி இடப்பக்கம். நான் கிணற்றில் இறங்கிக்கொண்டிருக்கிறேன், பார்த்துக்கொள். நர்ஸ் அக்கா இன்று ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினார். "எழுதுறது யாருக்கு?" என்று கேட்டார். அண்ணனுக்கு என்றேன். "என்னைத் திட்டியா?" என்றார். எட்டு வருஷத்து ரகசியம் எப்படித் தெரிந்ததோ.

காப்பகத்தில் மேற்பார்வை பார்க்கும் அம்மாவிடம் அரைநாள் விடுப்பு கேட்டேன். எதற்கு என்றார்கள். வாயில் சட்டென்று வந்தது பல்வலிதான். வேறு ஒன்றுமில்லை, உன் கடிதத்தில் பல் டாக்டர் வந்தாரே, அந்த ஞாபகம்.

இங்கே எல்லாம் புதிதாக இருக்கிறது அண்ணா. மாடிப்படி ஏறும்போது யாரும் "மெதுவா, மெதுவா" என்று சொல்வதில்லை. நேற்று தண்ணீர்க் குடத்தை நானே தூக்கினேன். அறையில் கூட இருக்கும் தையல் பிரிவுப் பெண் என்னைப் பார்த்து, "உன்ன மாதிரி உடம்பு வேணும், எதையும் தாங்கும்" என்றாள். அன்று பூராவும் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

அம்மாவுக்கு என் அன்பு.

தங்கை,
வாலு


ஜூலை 16, செவ்வாய்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு நான் நலம். அங்கு நீ, அம்மா, அண்ணி அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஊசி போட்டாயிற்று. வலி அதிகமில்லை. இங்கே நல்ல மழை. காப்பகத்து ஜன்னல் எல்லாவற்றையும் மூடி வைத்திருக்கிறோம். பதினான்கு குழந்தைகளும் உள்ளேயே இருப்பதால் சத்தம் காதைப் பிளக்கிறது. தொழிற்சாலை முகப்புக்குப் புது வண்ணம் அடிக்கிறார்கள், வெளிர் நீலம். விடுதியில் ஒரு மின்விசிறி கெட்டுப்போயிருந்தது, அதையும் மாற்றிவிட்டார்கள். அண்ணி எப்படி இருக்கிறார்? கட்டில் சத்தம் நின்றதா?

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கை


ஜூலை 24

அன்புள்ள வாலுக்கு,

ஆசிகள். எல்லோரும் நலம். கட்டில் அப்படியேதான் இருக்கிறது. அண்ணி தரையில் பாய் விரித்துப் படுக்க ஆரம்பித்துவிட்டாள், கட்டிலில் நான் மட்டும் ராஜா மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன்.

உன் கடிதத்தை அம்மா கையில் வாங்கிப் பார்த்து ரொம்பப் புகழ்ந்தாள். "எம்மாம் அழகா எழுதியிருக்கா பாரு, கோடு போட்ட நோட்டு மாதிரி" என்றாள். உண்மைதான். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே நேர். ஆஸ்பத்திரியில் மேசை போட்டுவிட்டார்களா? நர்ஸ் அக்காவைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே, அவர் விடுப்பில் போய்விட்டாரா?

சும்மா கேட்டேன். முகப்புக்கு வெளிர் நீலம் நன்றாக இருக்கும் என்று அண்ணி சொல்லச் சொன்னாள்.

மழையில் நனையாதே. தொண்டையைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்


ஆகஸ்ட் 6, செவ்வாய்

அன்புள்ள அண்ணனுக்கு,

வாலு எழுதுவது. நலம், நலம், நலம். அம்மா நலமா? தரையில் படுக்கும் அண்ணி நலமா? ராஜா நலமா?

மேசையும் இல்லை, ஒன்றும் இல்லை. அதே பெஞ்சுதான். போன தடவை மடியில் அட்டை வைத்து எழுதினேன், அதனால் நேராக வந்தது. இந்தத் தடவை ஊசி வலப்பக்கம். வரி எப்படி மலையேறுகிறது பார். மேலிருந்து கீழ்வரை ஏறிக்கொண்டே இருக்கிறேன். நர்ஸ் அக்கா நலம், சிரிக்கவில்லை.

குழந்தைகளில் ஐந்து பேருக்குத் தொண்டைவலி. நான் தள்ளித்தான் இருக்கிறேன், அவர்கள்தான் தள்ளி இருக்க மாட்டேன் என்கிறார்கள்.

உடனே பதில் போடவும்.

தங்கை,
வாலு


ஆகஸ்ட் 20, செவ்வாய்

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்து நாளுக்குள் பதில் வராமல் போனதே கிடையாது. இன்றோடு பதினான்கு நாள். நீ எழுதாததிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்கக்கூடக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

ஜூலை 16 ஊசி போடவில்லை. ஆகஸ்ட் 6-ம் போடவில்லை. இரண்டு கடிதத்தையும் விடுதியில் உட்கார்ந்து எழுதினேன். இரண்டாவதற்கு ஒரு தாளில் சாய்வாகக் கோடு போட்டு அடியில் வைத்துக்கொண்டேன். உனக்கே காதில் பூ சுற்றப் பார்த்தேன்.

காரணம் சொன்னால் சிரிப்பாய். ஜூலையில் மறுபடி விடுப்பு கேட்டபோது மேற்பார்வை அம்மா, "போன மாசம்தான பல் வலின்ன? வாயில எத்தனை பல்லு வச்சிருக்க?" என்றார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, சரி, நாளைக்குப் போகலாம் என்று விட்டேன். நாளைக்கு என்பது அடுத்த வாரமாகி, அடுத்த வாரம் அடுத்த மாதமாகிவிட்டது. ஆனால் அது சாக்குத்தான் அண்ணா. நிஜம் என்ன என்றால், இந்த ஊரில் நான் நோயாளி இல்லை. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக யாருக்கும் நான் நோயாளி இல்லை. உடம்பில் ஒரு வலி கிடையாது. நல்லாத்தானே இருக்கிறேன், பிறகு எதற்கு என்று தோன்றிவிட்டது. ஊசி போட்டுக்கொண்டிருந்ததால்தான் நன்றாக இருந்தேன் என்பது சனிக்கிழமை வரை உறைக்கவில்லை.

சனிக்கிழமை தொண்டை வலித்தது. ஞாயிறு எச்சில் விழுங்க முடியவில்லை. நேற்று காய்ச்சல். இன்று காலை கதவு திறக்கும் முன்பே இந்த வராந்தாவில் வந்து நின்றேன். டாக்டர் தொண்டையில் பஞ்சு வைத்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். நர்ஸ் அக்கா என் ஊசி அட்டையைப் பார்த்தார், இரண்டு காலிக் கட்டங்கள். திட்டுவார் என்று காத்திருந்தேன். பாட்டிலை உருட்டத் தொடங்கினார். உருட்டிக்கொண்டே, "ரெண்டு செவ்வாக்கெழமையும் ஒரு பாட்டில வெளிய எடுத்து வச்சுக் காத்திருந்தேன்" என்றார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

தொண்டைக் கிருமிக்கும் இதே ஊசிதானாம். மூட்டுக் காய்ச்சல் வருவதானால் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் காட்டும். செப்டம்பர் 10 அடுத்த ஊசி, அன்று ரத்தமும் இதய ஸ்கேனும் பார்ப்பார்கள். அதுவரை முட்டி, கணுக்கால், மணிக்கட்டு எங்கே வலித்தாலும் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது அண்ணா. கசிவு கூடிவிட்டால் என்ன செய்வேன்?

அம்மாவிடம் சொல்லாதே. என்னைத் திட்டி ஒரு கடிதம் போடு.

வாலு


ஆகஸ்ட் 23, அவசரத் தபால்

வாலு,

அம்மா நலம், அண்ணி நலம். உன் கடிதம் நேற்று வந்தது. பையைக் கவிழ்த்துப் பிரிக்கும்போது என் கையிலேயே விழுந்தது. கவரின் மேல் முகவரியே மலையேறியிருந்தது. அதைப் பார்த்ததும் பாதிப் பயம் போய்விட்டது, ஊசி போட்டுக்கொண்டுவிட்டாய் என்று.

ஜூலையிலேயே தெரியும். ஆகஸ்டில் இன்னும் நன்றாகத் தெரிந்தது. நிஜக் கோணல் போகப் போகக் குறையும், உன் கோணல் அளவெடுத்தது போல் மாறவே இல்லை. பதில் எழுதாமல் இல்லை. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். திட்டத்தான் உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் பேனா வேறு எங்கோ போனது. அதை இப்போது எழுதிவிடுகிறேன்.

உனக்குப் பதின்மூன்று வயது. அப்பா இல்லை. அம்மா, பெரியம்மாவுக்கு ஆபரேஷன் என்று பத்து நாள் துணைக்குப் போயிருந்தாள். உனக்குத் தொண்டைவலி. நான்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பத்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார், காலையில் ஒன்று, இரவில் ஒன்று. "நல்லாயிட்டாலும் நிறுத்தாதீங்க, பத்து நாளும் குடுக்கணும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். ஐந்தாம் நாள் காலையில் நீ வாசலில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாய். நல்லாகிவிட்டவளுக்கு மாத்திரை எதற்கு, அடுத்த தடவைக்கு ஆகட்டும் என்று மீதிப் பன்னிரண்டையும் என் பேனாப் பெட்டியில் எடுத்து வைத்துவிட்டேன். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைப்பு. மூன்றாவது வாரம் உன் வலது முட்டி வீங்கியது. மறுநாள் அது சரியாகி இடது கணுக்கால் வீங்கியது. பிறகு மணிக்கட்டு. பிறகு டாக்டர் உன் நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார்.

பத்து நாளும் கொடுத்திருந்தால் உனக்கு இது வந்தே இருக்காது. இதை அம்மாவிடம் சொன்னதில்லை, அண்ணியிடம் சொன்னதில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை உன்னை சைக்கிளில் வைத்து மிதித்தேனே, பாசமான அண்ணன் என்று தெருவே சொன்னதே, அது பாசம் மட்டும் இல்லை. நல்லாகிவிட்டது என்று நிறுத்திய முதல் ஆள் நான்தான். உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். எங்கே வலித்தாலும் மறைக்காதே.

அண்ணன்


செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவுக்கும் அண்ணிக்கும் என் அன்பு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நலம்.

சனிக்கிழமை சாயங்காலம் வலது முட்டி வீங்கியது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தையல் பிரிவுப் பெண் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வழி முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு எட்டு வருஷக் கதையையும் சொல்லிவிட்டேன். டாக்டர் முட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த ஊதா நிறம் எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை அந்த முழங்கால் உயர நாற்காலியோடு சேர்ந்து நான் குப்புற விழுந்தேன். பதினான்கு குழந்தைகளும் கைதட்டின. பயத்தில் அதை மறந்தே போனேன். டாக்டர் நோட்டில் என்ன எழுதினார் தெரியுமா? "நாற்காலி."

தொண்டைப் பரிசோதனையில் அதே கிருமிதான் இருந்ததாம். இப்போது தொண்டை சரியாகிவிட்டது. இன்னும் எட்டு நாள் பார்க்க வேண்டும்.

இன்று காலை மேற்பார்வை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனேன். "அப்ப பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கா?" என்றார்கள். பிறகு சுவரில் இருந்த அட்டவணையில் மூன்று வாரத்துக்கு ஒரு செவ்வாய் என் பெயருக்கு எதிரே "அரைநாள்" என்று எழுதிவிட்டார்கள். இதற்காகவா இவ்வளவு நாள் ஒளிந்தேன்?

உன் கடிதத்துக்கு இப்போது பதில் எழுதவில்லை. அதை ஊசி நாளில், பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுத வேண்டும்.

வாலு


செப்டம்பர் 6

வாலு,

நாங்கள் நலம். முட்டி நலமா?

நாற்காலியைப் படித்து அண்ணி சிரித்தாள், நானும் சிரித்தேன். ஆனால் என் மாத்திரைக் கதைக்குப் பதில் வர ஊசி நாள் வரை காத்திருக்க வேண்டுமா? கோபமா? கோபம் என்றால் கோபம் என்று ஒரு வரி எழுதிவிடு. தட்டில் கைவைக்கும்போதெல்லாம் உன் கையெழுத்தையே தேடுகிறேன். நேற்று இரண்டு கவர்களைத் தப்பான தட்டில் போட்டுவிட்டேன், பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை.

அண்ணன்


செப்டம்பர் 10, செவ்வாய்

அன்புள்ள அண்ணனுக்கு,

வாலு, பெஞ்சிலிருந்து. வலப்பக்கம். நன்றாக வலிக்கிறது. அம்மா, அண்ணி, நீ, தப்பான தட்டுக்குப் போன அந்த இரண்டு கவர்கள், எல்லோரும் நலமா?

முதலில் ஸ்கேன். கசிவு அப்படியே இருக்கிறது, ஒரு இம்மிகூடக் கூடவில்லை. ரத்தமும் சுத்தம். காய்ச்சல் திரும்பவில்லை. டாக்டர், "தப்பிச்சே. தப்பிச்சத ஒரு பழக்கமா வச்சுக்காத" என்றார். ஊசியை இனி விட மாட்டேன் அண்ணா. இதை உனக்காகச் சொல்லவில்லை, நர்ஸ் அக்கா எடுத்து வைத்த அந்த இரண்டு பாட்டில்களுக்காகவும் சொல்லவில்லை. எனக்கே வேண்டும்.

இப்போது உன் கடிதம். கோபம் இல்லை. எனக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. உன்னைவிட அதிக நாள் நான்தான் மறைத்திருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

அந்த மாத்திரை சகிக்க முடியாத கசப்பு. முதல் நாள் இரண்டை விழுங்கினேன். இரண்டாம் நாளிலிருந்து விழுங்கவில்லை. நீ மாத்திரையைக் கொடுத்து, டம்ளரில் தண்ணீர் ஊற்றி, "வாயைத் தொற" என்று பார்ப்பாய். நான் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வேன். நீ அந்தப் பக்கம் போனதும் கட்டிலின் தலைமாட்டுக் குமிழைக் கழற்றி, குழாய்க்குள் போட்டு மூடிவிடுவேன். ஐந்தாம் நாள் நீ நிறுத்தியபோது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா, இனி மாட்டிக்கொள்ள மாட்டேன் என்று. நீ நிறுத்தியது நான் விழுங்காத மாத்திரையை அண்ணா. பத்து நாளும் கொடுத்திருந்தால், அந்தக் குழாய்க்குள் பதினெட்டு இருந்திருக்கும்.

முட்டி வீங்கியபோது அது ஏன் என்று புரிந்தது. பயந்து வாயைத் திறக்கவில்லை. நீ சைக்கிள் மிதிக்க மிதிக்க, பின்னால் உட்கார்ந்து இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். ஆஸ்பத்திரி வந்துவிடும்.

இதையெல்லாம் நர்ஸ் அக்காவிடம் இப்போதுதான் சொன்னேன், யார் மேல் தப்பு என்று. அவர், "கிருமி மேல" என்றார். பிறகு சிரித்தார். ஆமாம், சிரித்தார்.

கட்டில் உங்கள் அறையில்தானே இருக்கிறது? குமிழைக் கழற்றிப் பார்.

அண்ணி பாவம்.

உன் தங்கை,
வாலு


செப்டம்பர் 18

அன்புள்ள வாலுக்கு,

எல்லோரும் நலம், அதிலும் அண்ணி ரொம்ப நலம்.

உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். உள்ளே போய் மெத்தையைத் தூக்கி எறிந்து, நானும் அண்ணியும் கட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தோம். குமிழ் துருப்பிடித்து இறுகியிருந்தது. குறடு வைத்துத் திருகினேன். குழாயை உலுக்கியதும் ஐந்து மாத்திரைகள் உருண்டு வந்தன, ஆறாவது ஒரு சிட்டிகைத் தூளாக வந்தது. மஞ்சளாகிப்போன அந்த ஐந்தையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று அண்ணி சொல்வாள், நம்பிவிடு. சிரித்தேன் என்று அம்மா சொல்வாள், அதையும் நம்பு.

அண்ணி இடுப்பில் கைவைத்து நின்று, "மூணு மாசமா நான் தூங்காம கெடந்தது இதுக்குத்தானா? அவ வந்ததும் வீட்டுல இருக்கற ஒவ்வொரு குழாயா கேக்கணும், எதுல என்ன போட்டிருக்கான்னு" என்றாள்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உன்னுடையதையும் சேர்த்து. மன்னித்துக்கொள், இனிமேல் மறைக்கத் தெம்பில்லை. அம்மா அந்த ஐந்து மாத்திரைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பிறகு, "பத்து நாள் வீட்ட விட்டுப் போனவ நான். எங்கிட்ட யாராவது கேட்டீங்களா, எனக்கு எப்படி இருந்துச்சுன்னு?" என்றாள். மூன்று பேரும் இத்தனை வருஷமாக ஒரே வீட்டில், ஆளுக்கு ஒன்றாக, அதே மாத்திரையை மென்றுகொண்டிருந்திருக்கிறோம்.

பேனாப் பெட்டியில் இருந்த பன்னிரண்டையும் குழாயில் இருந்த ஐந்தையும் ஒன்றாகச் சேர்த்து இன்று காலை ஆஸ்பத்திரி மருந்துக் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டேன். சைக்கிளில்தான் போனேன். பின்னால் பாரமே இல்லாமல் மிதித்துப் பழக்கமில்லை, நேராகப் போகவே மாட்டேன் என்றது.

நாள்காட்டியில் புது வட்டங்கள் போட்டாயிற்று. அக்டோபர் 1, அக்டோபர் 22. அண்ணியின் பிறந்தநாளுக்கும் ஒரு வட்டம் போட்டேன், அது அடுத்த ஜூனில்தான் என்றாலும்.

உன் கடிதத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். முதல் வரி ஒரேயடியாக மலையேறுகிறது. நடுவில், மாத்திரையைப் பற்றி எழுதும் இடத்தில், கொஞ்சம் தடுமாறுகிறது. கடைசி வரியில், கையெழுத்துப் போடும்போது, நீ தரையில் நிற்கிறாய்.

அன்புடன்,
அண்ணன்